நீல வைரத்துக்கு நீலம் எங்கிருந்து வந்தது?



சென்ற வாரம் விஞ்ஞான ஆசிரியர் லீவு. பத்தாம் தரத்துக்கு ரிலீஃப் பாடவேளைக்கு வரலாறு படிப்பிக்கும் நாம் போக வேண்டி வந்தது. கரும்பலகையில் முந்தின நாள் பாடம் அழியாமல் இருந்தது: காபன், அதன் வடிவங்கள், காரீயம், வைரம். பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "சேர், நிலக்கரிதான் பூமிக்குள்ள நசுங்கி நசுங்கி வைரமாகும் என்று எங்கட வாப்பா சொல்றார். சரிதானா?"

அவனுடைய வாப்பா கல் வியாபாரி. கல்லைத் தூக்கிப் பார்த்தே எந்த ஊர்க் கல் என்று சொல்லக்கூடிய மனிசர். ஆனால் இந்த ஒரு விசயத்தில் அவர் சொன்னது பிழை. நாமும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலக்கரி செடி கொடியிலிருந்து வந்தது. தரையில் செடி முளைத்தே 50 கோடி ஆண்டுகள் ஆகவில்லை. வைரங்களில் பலவற்றின் வயதோ 100 கோடியிலிருந்து 300 கோடி ஆண்டுகளுக்கும் மேலே. தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூட இருக்க முடியாதே.

"அப்ப வைரம் எங்கிருந்து வந்தது சேர்?" என்ற அடுத்த கேள்விக்கு மணி அடித்துவிட்டது. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. சற்று நீளம், மஃரிபுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் நமது கரையோரத்திலிருந்து தொடங்குவோம். நமது நாட்டில் நீலக்கல், வைடூரியம், பத்மராகம் எல்லாம் உண்டு. வைரம் பேர் சொல்லும்படி இல்லை. ஆனால் "மாத்தறை வைரம்" என்ற பெயர் ஒரு காலத்தில் ஐரோப்பா வரை போயிருந்தது. மாத்தறைப் பக்கம் கிடைத்த, நிறமில்லாத அல்லது சூடுகாட்டி நிறம் போக்கிய சிர்க்கோன் கல்தான் அது. வைரம் போலவே மின்னும். தரம் குறைந்த வைரம் என்றே பலர் அதை நினைத்தார்கள்.

1789இல் பேர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற இரசாயனவியலாளர் இலங்கையிலிருந்து போன ஒரு சிர்க்கோனை எடுத்துக் கரைத்துப் பிரித்துப் பார்த்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் உள்ளே இருந்தது. சிர்க்கோனியம் என்ற மூலகம் உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான், நமது நாட்டுக் கல் ஒன்றிலிருந்து. ஆவர்த்தன அட்டவணையில் நாற்பதாவது இடத்தில் இருக்கும் மூலகம் அது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கிறோமே என்று நமக்கே கவலை.

கல்லின் இனத்தைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்பது அதற்கு எழுநூறு எண்ணூறு வருடம் முன்பே அல்பிரூனிக்குத் தெரிந்திருந்தது. பதினொராம் நூற்றாண்டில் இரத்தினங்கள் பற்றி "கிதாபுல் ஜமாஹிர்" எழுதியவர் அவர். ஒவ்வொரு கல்லும் எவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்று அளந்து, அதன் பாரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கு வைத்தார். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவர் உண்மையாகவே ஒரு பாம்பையும் மரகதத்தையும் வைத்து மாதக்கணக்கில் சோதித்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினார். அவர் அளந்த முறையில் இன்று மாத்தறை வைரத்தை அளந்தாலும் உண்மை வெளிவந்துவிடும்: தண்ணீரைவிட சிர்க்கோன் ஏறத்தாழ 4.6 மடங்கு பாரம், வைரம் 3.5 மடங்குதான்.

சரி, அசல் வைரம் எதனால் ஆனது? அதைக் கண்டுபிடித்த வழி கொஞ்சம் கொடூரமானது. எரித்துப் பார்த்தார்கள்! 1690களில் புளோரன்ஸ் நகரில் பெரிய வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தின் மேல் விட்டார்கள். கல் மறைந்து போயிற்று. 1772இல் பாரிஸில் லவோசியே மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் எரித்து, வெளிவந்தது கரி எரிந்தால் வரும் அதே வாயு என்று கண்டார். 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர், ஒரே நிறையுள்ள வைரத்தையும் கரியையும் எரித்தால் ஒரே அளவு காபனீரொட்சைட்டுத்தான் வரும் என்று காட்டிக் கணக்கை முடித்தார். வைரம் என்றால் காபன். அவ்வளவுதான்.

ஆனால் "அவ்வளவுதான்" என்று முடிந்துவிடவில்லை. எல்லா வைரமும் காபன் என்றால், ஒன்று ஏன் மஞ்சள்? ஒன்று ஏன் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவு? ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் ஏன் நீலம்?

அந்த நீலத்தின் கதை கொல்கொண்டாவில் தொடங்குகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் உலகின் வைரச் சந்தை தக்காணத்தில் இருந்தது. ஆண்டவர்கள் குதுப் ஷாஹி சுல்தான்கள். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் என்ற ஊரில் மிகப் பெரிய சுரங்கம். அங்கே போய் வந்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே, அறுபதாயிரம் பேர் வேலை செய்வதாக எழுதியிருக்கிறார். ஆண்கள் தோண்ட, பெண்களும் பிள்ளைகளும் மண் சுமக்க, அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, புடைத்துத் தேடினார்கள். இரத்தினபுரியில் இல்லம் கழுவுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அந்த அறுபதாயிரம் பேரில் ஒருவருடைய பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. முதலாளிகளின் பெயர்கள்தான் வந்தன. அவர்களில் பெரியவர் மீர் ஜும்லா. ஈரானிலிருந்து எளியவராக வந்து, வைர வியாபாரத்தைக் கற்று, கொல்கொண்டாவின் வஸீராகி, சுரங்கங்களைத் தன் கைக்குள் வைத்திருந்து, பிறகு சுல்தானோடு பிணங்கி மொகலாயர் பக்கம் போனவர். அவருடைய வரலாறு தனிப் பதிவு எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது, இங்கே விடுவோம்.

தவெர்னியே இந்தியாவில் வாங்கிய கற்களில் ஒன்று, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 115 கரட் உள்ள நீல வைரம். கொல்லூரில் எடுத்தது என்றே நம்பப்படுகிறது. 1668இல் அதை பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்கு விற்றார். அரசர் 1673இல் அதை மறுபடி வெட்டுவித்தார். 69 கரட் ஆயிற்று. 1792 செப்டெம்பரில், புரட்சிக் குழப்பத்துக்குள் கள்ளர்கள் அரச களஞ்சியத்தில் புகுந்து அதைக் கொண்டு போனார்கள். இருபது வருடம் கழித்து, 1812இல் லண்டனில் ஒரு வியாபாரியிடம் 45 கரட் சொச்சத்தில் ஒரு நீல வைரம் வெளிப்பட்டது. கள்ளக் கல்லை வெட்டிச் சிறிதாக்கினால் அடையாளம் போய்விடும் என்பது அந்தக் காலத்திலும் தெரிந்த தந்திரம்தான். பிறகு ஹோப் என்ற குடும்பத்திடம் இருந்ததால் ஹோப் வைரம் என்ற பெயர் நிலைத்தது. 1958இல் நியூயோர்க் நகை வியாபாரி ஹரி வின்ஸ்டன் அதை வொஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலைக்கு அன்பளிப்புச் செய்தார். அனுப்பியது எப்படித் தெரியுமா? பதிவுத் தபாலில்!

இரண்டும் ஒரே கல்தான் என்ற சந்தேகம் நெடுங்காலம் சந்தேகமாகவே இருந்தது. 2007இல் பாரிஸ் நூதனசாலையில் பழைய பெட்டி ஒன்றுக்குள், களவு போன பிரெஞ்சு நீலத்தின் ஈய அச்சு கிடைத்தது. அளந்து பார்த்தால் ஹோப் வைரம் அதற்குள் சரியாகப் பொருந்தியது. வைரம் எரிந்தும் வெட்டுப்பட்டும் போகும், ஈயம் இருந்து சாட்சி சொல்லியது.

யார் கையில் இருந்தது என்ற வரலாறு அதோடு தெளிந்தது. கல்லின் சொந்த வரலாறு இனிமேல்தான்.

வைரத்துக்குள் காபன் தவிர வேறு அணுக்களும் கொஞ்சம் கலந்திருக்கும். பெரும்பாலான வைரங்களில் இருப்பது நைதரசன். மஞ்சள் சாயல் பெரும்பாலும் அதனால்தான். இந்த நைதரசன் அணுக்கள் முதலில் தனித்தனியாக இருக்கும். பூமிக்குள் சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கக் கிடக்க மெல்ல நகர்ந்து இரண்டிரண்டாகவும் பிறகு நான்கு நான்காகவும் கூடும். எத்தனை கூடியிருக்கின்றன என்று பார்த்தால், கல் எவ்வளவு காலம் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்று மதிப்பிடலாம். நைதரசன் அறவே இல்லாதது போன்ற வைரங்களை இரண்டாம் வகை என்பார்கள். நூற்றுக்கு ஒன்று இரண்டுதான் அப்படி. நீல வைரம் அதிலும் அபூர்வம்: நைதரசன் இல்லை, பதிலாகப் போரன் இருக்கிறது. பத்து இலட்சம் காபன் அணுவுக்கு நடுவில் ஒரு போரன் இருந்தாலே போதும், கல் நீலமாகிவிடும். காபனைவிடப் போரனுக்கு ஓர் இலத்திரன் குறைவு. அந்தக் குறையால் அது சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மிச்சம் நீலம். அதே குறையால் நீல வைரம் மின்சாரத்தையும் கடத்தும். மற்ற வைரங்கள் கடத்தா. ஹோப் வைரத்தின் மேல் ஊதாக் கடந்த ஒளியை விட்டு அணைத்தால், இருட்டில் சில நேரம் நெருப்புத் தணல் போல சிவப்பாக ஒளிரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் இதெல்லாம் ஒவ்வொன்றாக வெளிவந்தது.

இங்கேதான் ஒரு முடிச்சு. சாதாரண வைரங்கள் பிறப்பது பூமிக்குக் கீழே 150 முதல் 200 கிலோமீற்றர் ஆழத்தில், பழைய கண்டங்களின் அடியில். கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு அவற்றைத் தூக்கி வந்து மேலே போடும். ஆனால் அந்த ஆழத்துப் பாறையில் போரன் இல்லை என்றே சொல்லலாம். போரன் இருக்கும் இடம் மேலே: கடல் நீர், கடலடிப் பாறை, நமது காலுக்குக் கீழே உள்ள புவியோடு. மேலே இருப்பது கீழே எப்படிப் போயிற்று?

இதற்கு விடை தேட நீல வைரத்தை உடைக்க முடியாது, யார் தருவார்கள்? அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தின் ஆய்வாளர் எவன் ஸ்மித்தும் குழுவினரும் வேறு வழி பார்த்தார்கள். தரச் சான்றிதழுக்கென்று ஆய்வுகூடத்துக்கு வந்து போகும் நீல வைரங்களுக்குள் நுணுக்குக்காட்டியால் "அழுக்குத்" தேடினார்கள். ஆம், நமது வியாபாரிகள் விலையைக் குறைக்கும் அதே அழுக்கு. நீல வைரங்கள் பொதுவாகச் சுத்தமானவை, அதனால் அது இலகுவாகக் கிடைக்கவில்லை. 46 கற்களில் கிடைத்த நுண்ணிய துணுக்குகளுக்கு லேசர் ஒளி அடித்து, அவை என்ன கனியம் என்று அறிந்தார்கள். 2018 ஓகஸ்டில் முடிவு வெளியானது. அந்தத் துணுக்குகள் ஒரு காலத்தில் பிரிட்ஜ்மனைற்று போன்ற, 660 கிலோமீற்றருக்குக் கீழே மட்டும் நிலைத்திருக்கக்கூடிய கனியங்களாக இருந்தவை. மேலே வந்ததும் அமுக்கம் குறைந்து வேறு வடிவத்துக்கு மாறிவிட்டன. மாறும்போது வீங்கியதால், சுற்றிலும் வைரத்தில் சிறிய வட்ட வெடிப்புகளும் விழுந்திருந்தன.

660 கிலோமீற்றர் என்றால்? பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நமது நாட்டின் நீளமே சுமார் 435 கிலோமீற்றர்தான். மனிதன் தோண்டிய ஆகக் கூடிய ஆழம் ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீற்றர் சொச்சம்.

அப்படியானால் போரன் போன வழி? ஸ்மித் குழு தந்த விளக்கம் இது. கடலடிப் பாறைக்குள் கடல் நீர் இறங்கும்போது பாறை மாறி, செர்பென்டைன் என்ற பச்சைக் கனியமாகும். அது தண்ணீரையும் போரனையும் தன்னுள் கட்டி வைத்துக்கொள்ளும். கடலடித் தகடு ஒன்று கண்டத்துக்குக் கீழே சரிந்து மூழ்கும்போது அந்தப் பாறையும் கூடவே போகும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கீழே, கட்டு அவிழ்ந்து போரன் கலந்த திரவம் வெளிவரும். அதில் வளர்ந்தவை நீல வைரங்கள். வியாபாரி வாங்கி, அரசன் வெட்டி, கள்ளன் தூக்கிய அந்த நீலம், ஏதோ ஒரு பழைய கடலின் மிச்சம்!

ஆழத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சியும் அதற்கு நான்கு வருடம் முன்பே கிடைத்திருந்தது. பிரேசிலில் ஜுயினா என்ற இடத்து ஆற்றுச் சரளையில் எடுத்த, சில மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு மண்ணிற வைரம். நமது ஆட்கள் தட்டில் கண்டால் ஒதுக்கிவிடும் சாதி. ஆய்வாளர்கள் கொடுத்த விலை சுமார் 20 டொலர். கனடாவின் கிரஹாம் பியர்சன் குழு அதற்குள் ரிங்வூடைற்று என்ற கனியத்தின் துணுக்கைக் கண்டது. பூமியிலிருந்து கிடைத்த முதல் ரிங்வூடைற்று அது. அதுவரை விண்கற்களிலும் ஆய்வுகூடத்திலும்தான் கண்டிருந்தார்கள். ஏறத்தாழ 520க்கும் 660 கிலோமீற்றருக்கும் இடையில் உருவாவது. அதன் நிறையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் தண்ணீர், கனியத்தின் கட்டமைப்புக்குள்ளேயே. இருபது டொலர்க் கல் அது.

இன்னொரு விசித்திர வகையும் உண்டு. 1905 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் எடுத்த குலினன், 3106 கரட், ஏறத்தாழ 621 கிராம், அரைக் கிலோவுக்கும் மேல். இப்படிப் பெரிய, தெளிந்த கற்கள் பார்வைக்கும் வேறு: சாதாரண வைரத்தின் எண்முக வடிவம் இராது, கரைந்த கற்கண்டு போல உருக்குலைந்திருக்கும். 2016இல் அதே ஸ்மித் குழு, இத்தகைய கற்களைப் பட்டை தீட்டும்போது வெட்டி விழுந்த துண்டுகளை வாங்கி ஆராய்ந்தது. உள்ளே வெள்ளி போல மின்னிய துளிகள், இரும்பும் நிக்கலும் காபனும் கந்தகமும் கலந்து உருகி உறைந்தவை. சுற்றிலும் மெதேனும் ஐதரசனும். 360 முதல் 750 கிலோமீற்றர் வரையான ஆழத்தில், உருகிய உலோகக் குழம்புக்குள் அவை வளர்ந்திருக்கின்றன. 2021இல் லெசோத்தோவின் லெட்செங் சுரங்கத்துக் கற்களில் அந்த இரும்பின் சமதானிகளை அளந்தபோது, பாரமான இரும்பின் பங்கு வழமைக்கு மிஞ்சி இருந்தது. கடலடிப் பாறை செர்பென்டைனாக மாறும்போது உண்டாகும் இரும்பின் சாயல் அது. இங்கும் வழி போய்ச் சேர்வது கடலுக்குத்தான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சீனன்கோட்டையிலிருந்து யாராவது நானா கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

தொழிற்சாலையில் வைரம் செய்யும் வழி இரண்டு. 1954இலிருந்து இருக்கும் வழி, உருகிய இரும்பு, நிக்கல் போன்ற உலோகத்தில் காபனைக் கரைத்து பெரும் அமுக்கத்தில் வளர்ப்பது. மற்றது மெதேனும் ஐதரசனும் கலந்த வாயுவிலிருந்து படையாகப் படிய வைப்பது. மேலே சொன்ன குலினன் வகையின் சமையற் குறிப்பும் ஏறக்குறைய இதுதான் என்று பாருங்கள். செயற்கை வைரமும் வைரம்தான், அதில் பொய் இல்லை. அதை இயற்கை என்று சொல்லி விற்பதுதான் பொய். இப்போது கல்யாண மோதிரங்களுக்கு வைரம் வைப்பது நமது ஊர்களில் கூடிவிட்டது. பேனை போன்ற ஒரு கருவியைக் கல்லில் தொட்டு, சத்தம் கேட்டதும் "ஒரிஜினல்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கருவி பார்ப்பது வெப்பம் கடத்துகிறதா என்பதை மட்டும். செயற்கை வைரமும் அதே போலக் கடத்தும். மொய்சனைற்று கூட அதில் தேறிவிடும்.

ஆய்வுகூடங்கள் முதலில் தேடுவது நைதரசனை. கூடிச் சேர்ந்த நைதரசன் இருந்தால், பூமிக்குள் யுகக்கணக்கில் கிடந்த கல் என்று தெரிந்துவிடும். நைதரசன் இல்லாத கல் சந்தேகப் பட்டியலில் விழும், மேலும் சோதிக்க வேண்டும். செயற்கைக் கற்களில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான். பாவம், குலினன் போன்ற பரிசுத்தமான இயற்கைக் கல்லும் அதே பட்டியலில்தான்! நீலத்துக்கும் ஒரு சோதனை உண்டு. 2008இல் வெளியான ஆய்வில், ஹோப் உள்ளிட்ட இயற்கை நீல வைரங்கள் இருட்டில் ஒளிரும்போது அந்த ஒளியில் நீலப்பச்சை ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக இரண்டு பகுதிகள் இருந்தன. கல்லுக்குக் கல் அவற்றின் அளவு வேறு, கைரேகை மாதிரி. ஒப்பிட்டுப் பார்த்த செயற்கை நீலங்களில் அந்தச் சிவப்பு இல்லை.

விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று சிறுவயதிலேயே நமக்குப் படிப்பித்தார்கள். கல்லில் அழுக்கு இருந்தால் காட்டி விற்க வேண்டும். அந்த அழுக்கே கல்லின் பிறப்புச் சான்றிதழாகவும் இருக்கலாம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை, யாருக்கும் தெரிந்தும் இருக்கவில்லை. கல் வெட்டும் உறவுகள், உள்ளே ஏதாவது தெரிந்தால் வெட்டி எறியுமுன் ஒரு தடவை நல்ல வில்லை போட்டுப் பாருங்கள். நமது நீலக்கல்லும் விதிவிலக்கல்ல. அதன் நீலம் இரும்பாலும் தைத்தேனியத்தாலும் வந்தது, அதற்குள்ளும் இப்படிச் சாட்சிகள் இருக்கின்றன. அது இன்னொரு பதிவுக்கு, இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யாருடைய வீட்டிலாவது மூத்தம்மாமார் காலத்துத் தோடு, மோதிரம் எதிலாவது "மாத்தறை வைரம்" இருந்தால், ஒரு நாளைக்கு நீங்களே பாடசாலைக்குக் கொண்டுவந்து பத்தாம் தரத்துக்குக் காட்ட முடியுமா? விஞ்ஞான கூடத்தில் நிறுக்கும் தராசு இருக்கிறது. கல் கழன்றிருந்தால் தண்ணீரில் அமிழ்த்தி அல்பிரூனி அளந்தது போல அளந்து பார்ப்போம். கழற்றத் தேவையில்லை என்றால், வில்லையால் மேல் முகத்தின் வழியே உள்ளே பார்த்தாலே போதும்: சிர்க்கோனில் பின்பக்கப் பட்டையின் விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரியும், வைரத்தில் தெரியாது. அந்தப் பின் வாங்குக்காரன் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.